உச்சரிப்பை வைத்து எழுதப்படும் தீர்ப்பு

ஒருவர் நான்கு வார்த்தை பேசுவதற்குள் அவர் எந்த ஊர், எவ்வளவு படித்தவர், வசதி எப்படி என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறோம். அதோடு நின்றால் பரவாயில்லை. அவர் அறிவாளியா, நம்பத் தகுந்தவரா என்பதையும் பேச்சை வைத்தே முடிவு செய்கிறோம். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவில் நடந்த சில ஆய்வுகள் காட்டுகின்றன.

1962இல் மொழியியல் அறிஞர் வில்லியம் லபோவ், நியூயார்க்கில் மூன்று பெரிய கடைகளுக்குச் சென்றார். சாக்ஸ் பணக்காரர்களின் கடை. மேசிஸ் நடுத்தர மக்களுடையது. கிளெய்ன் மலிவு விலைக் கடை. நான்காம் மாடியில் உள்ள ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று அவர்கள் சொல்லும்போது 'ர்' ஒலி வருகிறதா என்று கவனித்தார். முழுமையாகவோ ஓரளவோ அதை உச்சரித்தவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51 சதவீதம். கிளெய்னிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான்.

நியூயார்க்கில் 'ர்' ஒலியை விழுங்கினால் தாழ்ந்த பேச்சு. இங்கிலாந்திலோ அதை விழுங்குவதுதான் மேட்டுக்குடிப் பேச்சு! ஆக, உயர்வும் தாழ்வும் ஒலியில் இல்லை. அதைப் பேசுபவரின் அந்தஸ்துதான் ஒலியின் மேல் ஏறிக்கொள்கிறது.

இதற்கு ஏழைகளும் சிறுபான்மையினரும் கொடுக்கும் விலை பெரிது. கறுப்பின மொழியியல் அறிஞர் ஜான் பா, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாடகை வீடு கேட்டு வீட்டு உரிமையாளர்களுக்குத் தொலைபேசியில் பேசினார். கறுப்பின மக்களின் பேச்சு, மெக்சிக வம்சாவளியினரின் பேச்சு, வெள்ளையரின் பொதுவழக்கு ஆகிய மூன்றிலும் ஒரே கேள்வியையே கேட்டார். 1999இல் வெளியான இந்த ஆய்வின்படி, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் முதல் இரண்டு பேச்சுக்கும் வீடு பார்க்க வரச் சொன்னவர்கள் மிகவும் குறைவு. முகத்தைப் பார்க்காமலே கதவு மூடப்பட்டது.

நீதிமன்றத்தில் இந்தப் பாகுபாடு இன்னும் ஆபத்தானது. பிலடெல்பியா நீதிமன்றங்களில் வாக்குமூலங்களை எழுத்தில் பதியும் 27 ஊழியர்களிடம் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் அமைந்த வாக்கியங்களைக் கொடுத்து ஆய்வாளர்கள் சோதித்தனர். 2019இல் வெளிவந்த முடிவின்படி, ஏறத்தாழ 60 சதவீத வாக்கியங்களே பிழையின்றிப் பதிவாயின. இந்த வேலைக்குரிய சான்றிதழ் பெற 95 சதவீதத் துல்லியம் வேண்டும்! ஒருவர் சொன்னது தவறாகப் பதிவானால், மேல்முறையீட்டில் நீதிபதியின் கைக்குப் போவதும் அந்தத் தவறான பதிவுதான்.

அந்தப் பேச்சு வழக்குக்கும் தனி இலக்கணம் உண்டு என்று மொழியியல் அறிஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆனாலும் கேட்பவருக்குப் புரியாதது பேசுபவரின் குற்றமாகிவிடுகிறது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், வீடு வாடகைக்கு விடும்போதும், வகுப்பில் ஒரு மாணவனை எடைபோடும்போதும் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இவர் சொன்னதில் தவறு இருக்கிறதா, அல்லது சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லையா?