பெற்றோர்க்குத் துணையாகும் படம்

படம் என்றவுடன் பொழுதுபோக்கே பலர் நினைவிற்கு வரும். ஆயின், நடந்ததை நடந்தவாறே காட்டும் ஆவணப்படம் வேறு வகையைச் சார்ந்தது. சிறப்புக் கல்வி வேண்டும் குழந்தைகளின் பெற்றோர்க்கு அஃது எவ்வாறு பயன்படும் என்பது தமிழாசிரியர் சிந்திக்கத்தக்க பொருளாகும்.

தோட்டத் தமிழர்க்கு இக்கருவி புதிதன்று. 1946-இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவு, பொதுநலச் செய்திகளைக் குறும்படங்களாக எடுத்துத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் விளக்கவுரையும் சேர்த்தது. நடமாடும் படவண்டிகள் அவற்றைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றன. எழுத்தறியாதவரும் திடலில் அமர்ந்து கண்டும் கேட்டும் தெளிந்தனர். 1963-இல் அப்பிரிவு பிலெம் நெகாரா எனப் பெயர் மாறியது.

இத்தகைய படம் எவ்வளவு செய்யவல்லது என்பதற்கு இங்கிலாந்து ஒரு சான்று தருகின்றது. அக்காலத்தில் மருத்துவமனையிலுள்ள குழந்தையைப் பெற்றோர் நினைத்தபோதெல்லாம் காண இயலாது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார், அறுவை மருத்துவத்திற்கு வந்த இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று எட்டு நாள் தாயைப் பிரிந்து தவித்ததைப் படமாக்கி 1952-இல் வெளியிட்டார். அழுத வேளைகளை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்று எவரும் குறை கூறாதிருக்க, நாள்தோறும் குறித்த நேரத்திலேயே படம் பிடித்தார். கடிகாரமும் படத்தில் தெரியுமாறு செய்தார். மருத்துவர் பலர் முதலில் சினந்தனர். எனினும், 1959-இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோர் தடையின்றி வந்து காணவேண்டும் எனப் பரிந்துரைத்தது. அம்மாறுதலுக்குத் துணைநின்றவற்றுள் இப்படமும் ஒன்று.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். 1997-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிகள், பிறர் உதவியின்றித் தம்மைப் பேணிக்கொள்ள வல்ல பிள்ளைகளையே கல்விக்கு உரியவராகக் கருதின. 2008-இல் மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது. 2013-இல் பழைய விதிகள் நீங்கிப் புதிய விதிகள் பிறந்தன. எக்குழந்தையையும் மறுத்தல் ஆகாது என்னும் கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. கதவு திறந்துவிட்டது, திறந்த செய்தி வீடு சேர வேண்டுமே! பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஈப்போ முதலிய நகர்ப்புறங்களில் குடியேறிய குடும்பங்கள் பல; ஒரே லயத்தில் வாழ்ந்த உற்றார் சிதறினர். 'ஊழ்வினை' என்று நொந்தும், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியும் ஒரு தாய் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பாளாயின், பேச்சும் பழக்கமும் எளிதில் வளரும் இளம்பருவம் வீணே கழியும்.

அத்தாய்க்குப் பயன்படும் படம் எது? இரக்கத்தைத் தூண்டும் படமன்று. சட்டை மாட்டுதல், சோறு உண்ணுதல் போன்ற ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, தந்தையோ தாயோ பொறுமையுடன் பழக்குவதைக் காட்டும் படமே பயன்படும். மருத்துவரின் பரிசோதனை, சமூகநல இலாகாவில் பதிவு, கல்வி இலாகாவில் விண்ணப்பம், ஒருங்கிணைப்பு வகுப்பில் முதல் நாள் ஆகியவை வரிசையாக இடம்பெற வேண்டும். பேச்சு வீட்டுத் தமிழாக இருத்தல் நலம். நன்றாக நடந்த நாளோடு நடவாத நாளையும் காட்டினால்தான் பெற்றோர் நம்புவர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. படமெடுக்கப் பெற்றோரின் இசைவு மட்டும் போதாது. குழந்தை முகம் திருப்பினால் கருவியை நிறுத்துதல் வேண்டும். இன்று படம் கைப்பேசி வழியே ஒரு நொடியில் ஊரெங்கும் பரவும். வளர்ந்தபின் அப்பிள்ளை நாணும்படியான காட்சி எதுவும் அதில் இருத்தலாகாது.

படம் முடிந்ததும் பணி முடிவதில்லை. அன்று படவண்டியோடு வந்தவர் ஒலிபெருக்கியில் விளக்கம் கூறினார். இன்று அவ்விடத்தில் நிற்க வேண்டியவர் ஆசிரியர். படம் பார்த்த தாய் எழுப்பும் முதல் வினா, 'என் பிள்ளையை எங்கே சேர்ப்பது?' என்பதே. அவ்வினாவிற்குரிய விடையை முன்னரே அறிந்து வைத்திருப்பது ஆசிரியர் கடன்.