சட்டையைக் கழற்றி ஒரு நிமிடம் பாருங்கள்

குழந்தையின் இருமலைக் கேட்டே நிமோனியாவா இல்லையா என்று சொல்லிவிடும் செல்போன் செயலிகளை நம்பலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆய்வுகள் நடக்கின்றன, விளம்பரங்களோ ஆய்வை முந்திக்கொண்டு ஓடுகின்றன. அந்தச் செயலிகளை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள் என்பதே என் பதில். பல நாடுகளில் சோதித்துப் பார்த்த வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மூச்சை எண்ணுவதுதான் அது.

பப்புவா நியூ கினியின் கொரோகாவில் பணியாற்றிய ஆஸ்திரேலிய மருத்துவர் ஃபிராங்க் ஷானும் உடனிருந்தவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. எக்ஸ்-ரே இல்லாத ஊரில் எந்தக் குழந்தைக்கு ஆண்டிபயாடிக் கொடுப்பது, யாரை மருத்துவமனையில் சேர்ப்பது என்பதே அவர்கள் கேள்வி. வரலாறு இவ்வளவு போதும்.

நிமோனியாவில் மூச்சு ஏன் வேகமெடுக்கிறது? கொல்லன் பட்டறைத் துருத்தியை எண்ணிப் பாருங்கள். தோல் பதமாக இருந்தால் நிதானமாக, முழுசாக இழுத்து ஊதலாம். தோல் விறைத்துவிட்டால் முழுசாக இழுப்பதற்குள் கை சோர்ந்துவிடும். சின்னச் சின்னதாக, அடிக்கடி இழுப்பதே லாபம். நீர் கோத்து விறைத்த நுரையீரலோடு குழந்தையின் உடல் செய்வதும் இதேதான். இன்னும் ஒன்று: இந்தத் துருத்தியின் சட்டம் மரமல்ல, பச்சை மூங்கில். பலமாக இழுத்தால் தோல் விரிவதற்குப் பதில் சட்டமே உள்ளே வளையும். குழந்தையின் விலாக்கூட்டில் குருத்தெலும்பு அதிகம். உதரவிதானம் வேகமாகக் கீழிறங்கும்போது, மூச்சை உள்ளிழுக்கும் அதே நொடியில், நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழிகிறது. வெளியே புடைக்க வேண்டிய இடம் உள்ளே போகிறது. நோயின் கடுமையை இப்படித் தோலுக்கு மேலேயே காட்டும் அறிகுறி மருத்துவத்தில் அரிது.

எண்ணும் முறை: குழந்தை அழக் கூடாது, பால் குடிக்கக் கூடாது. மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வெளிச்சத்தில் முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சிசுக்கள் சில நொடி வேகமாகவும் சில நொடி மெதுவாகவும் மூச்சு விடும் என்பதால், அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது ஏமாற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு.

எண் மட்டும் நிமோனியாவை உறுதி செய்யாது. காய்ச்சலிலும் வீசிங்கிலும் மூச்சு வேகமெடுக்கும். வைரஸால் வந்ததென்றால் ஆண்டிபயாடிக் உதவாது. அதைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. ஆனால் 2019இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகளை நிமோனியா கொன்றது. தாமதமாக வருவதே பலரின் உயிரைப் பறிக்கிறது.

நெஞ்சு குழிந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.