வணிக விதிப்பொறிகளில் விதிகள் செயற்படும் தருணத்தைக் கட்டுப்படுத்தல்

ஆய்வுச் சுருக்கம்
கட்டணம், வரி, காப்பீடு முதலியவற்றில் முடிவெடுக்கும் விதிகளை நிரலிலிருந்து பிரித்துத் தனியே எழுதி இயக்கும் மென்பொருள் விதிப்பொறி எனப்படும். அதில் ஒரு விதி பொருந்துவதும் செயற்படுவதும் வெவ்வேறு நிலைகள். இவற்றைப் பிரித்தறியாமையால் விளையும் பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விதிப்பொறி, முரண் தீர்வு, முன்னுரிமை எண், ட்ரூல்ஸ்.

முன்னுரை
வழக்கமான நிரலில் கட்டளைகள் எழுதப்பட்ட வரிசையில் நிகழும். விதிப்பொறியில் அவ்வாறன்று. தரவுகளோடு பொருந்தும் விதிகளை முதலில் திரட்டி, அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, அதன் செயலைப் பொறி நிகழ்த்துகிறது. பின்னர் மீண்டும் பொருத்திப் பார்க்கிறது. பொருத்துதலை விரைவாக்கும் ரீட்டி வழிமுறையைச் சார்லஸ் ஃபோர்ஜி கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கினார். தெரிந்தெடுத்தல் தனிச் சிக்கலாகவே எஞ்சியது. அவர் உருவாக்கிய ஓபிஎஸ்5 மொழி மூன்று நெறிகளைக் கையாண்டது: ஒரே பொருத்தம் இருமுறை செயற்படாது, அண்மைத் தரவு முந்தும், நிபந்தனை மிகுந்த விதி முந்தும். இறுதி நெறி, பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் இலக்கண மரபை ஒத்தது.

எடுத்துக்காட்டு
தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய் எனக் கொள்வோம். தகுதியுடைய மாணவர்க்குப் பாதிக் கட்டணச் சலுகை என்பது ஒரு விதி. காலம் கடந்து செலுத்துவோர்க்கு 100 ரூபாய் கூடுதல் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே மாணவர்க்குப் பொருந்தும்போது, சலுகை முந்தினால் 600 ரூபாய். தாமதக் கட்டணம் முந்தினால் 550 ரூபாய். மேலும், சலுகை விதி கட்டணத்தை 500 ஆக மாற்றிப் பொறிக்கு அறிவித்தால், மாணவரின் தகுதி மாறாமையால் அவ்விதி மீண்டும் பொருந்தும். கட்டணம் 250, 125 எனக் குறைந்துகொண்டே செல்லும்.

கட்டுப்பாட்டு வழிகளும் எல்லைகளும்
ஜாவா மொழியில் அமைந்த ட்ரூல்ஸ் பொறி இதற்குப் பல பண்புகளைத் தருகிறது. சேலியன்ஸ் என்னும் முன்னுரிமை எண் வரிசையை வரையறுக்கும். குறிப்பிடாவிடில் அதன் மதிப்பு 0. ஆயினும் இது மறுசெயற்பாட்டைத் தடுக்காது. நோ-லூப் பண்பு, விதி தன் செயலால் தன்னையே மீண்டும் தூண்டுவதைத் தடுக்கும். தாமத விதி கட்டணத்தை மாற்றும்போது சலுகை விதி மீண்டும் எழுவதைத் தடுக்காது. லாக்-ஆன்-ஆக்டிவ் அதனையும் தடுக்கும். ஆனால், அதே குழுவிலுள்ள வேறொரு விதி மாணவரின் தகுதியைப் பின்னர் உறுதிசெய்தால், உரிய சலுகையும் கிடைக்காமற்போகும். அஜெண்டா குழுக்கள் விதிகளைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஆக்டிவேஷன் குழுவில் ஒரு விதி செயற்பட்டதும் ஏனையவை நீக்கப்படும். விதி நடைமுறைக்கு வரும் நாளையும் முடியும் நாளையும் குறிக்கவும் பண்புகள் உள்ளன.

இவற்றினும் உறுதியானது தரவமைப்பைத் திருத்துவதாகும். அடிப்படைக் கட்டணம், சலுகைத் தொகை, தாமதக் கட்டணம் ஆகிய மூன்றையும் தனித்தனித் தரவுகளாக வைத்து, சலுகை அடிப்படைக் கட்டணத்திற்கு மட்டுமே உரியது என விதியிலேயே எழுதினால், எது முந்தினும் விடை 600 ரூபாயே. எந்த விதியும் தான் ஆராயும் தரவை மாற்றாமையால் சுழற்சியும் எழாது. மொத்தத் தொகையைக் கணக்கிடும் விதியை மட்டும் பிந்தைய குழுவில் வைத்தால் போதும்.

முடிவுரை
600 ரூபாயா, 550 ரூபாயா என்பது நிறுவனம் தீர்மானிக்க வேண்டிய கொள்கை. அதனை முன்னுரிமை எண்ணுக்குள் மறைத்தால், விதிகளைப் படிக்கும் அலுவலர் அதனைக் காண இயலாது. புதிய விதி சேரும்போது மாணவர் செலுத்தும் தொகை எவரும் அறியாமலே மாறக்கூடும். ஆகவே, கொள்கை சார்ந்த வரிசையை நிபந்தனைகளிலும், கணக்கீட்டுக் கட்டங்களைக் குழுக்களிலும் வெளிப்படுத்தி, முன்னுரிமை எண்ணை அரிதாகவே பயன்படுத்துதல் தகும்.