கட்டற்ற மென்பொருளும் ஒரு கல்லூரி வளாகமும்



விலை கொடுத்து ஒரு பால்வெட்டும் கத்தி வாங்குகிறீர்கள். "மழுங்கினால் நீங்கள் தீட்டக் கூடாது, அண்டை வீட்டாருக்கு இரவலும் தரக் கூடாது" என்கிறார் கடைக்காரர். அந்தக் கடைக்கு மறுபடி போவீர்களா? கணினியை இயக்கும் மென்பொருள்களில் பல இத்தகைய கட்டுப்பாட்டோடுதான் விற்கப்படுகின்றன.

இதை மறுத்து 1983ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 'குனு' என்ற பணியைத் தொடங்குவதாக அறிவித்தார். மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், அதன் உள்ளெழுத்தைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதிய லினக்ஸ், மறு ஆண்டே இவ்வுரிமைகளோடு வெளிவந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளத்தில் இருப்பதும் லினக்ஸ்தான். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல். அதனால் அவர்கள் ஓயாமல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கோ இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

இத்தகைய மென்பொருளை ஆக்குவோர் பல நாடுகளில் சிதறி இருக்கிறார்கள். ஒரே மென்பொருளை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து திருத்தியும் முகம் பார்க்காதவர்கள் உண்டு. அவர்கள் சந்திக்கும் இடங்களில் ஒன்று பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். அங்குள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், குளிர்காலத்தில் ஒரு சனி, ஞாயிறு, 'ஃபோஸ்டெம்' என்னும் கூட்டம் நடக்கிறது. 2001 முதல் நடந்து வருகிறது. நோய்த்தொற்றுக் காலத்தில், 2021இலும் 2022இலும், இணையம் வழியே நடந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. பெயர் பதியவும் வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் வருவதால் சில வகுப்பறைகள் நிரம்பிவிடும். வாசலிலேயே இடமில்லை என்று சொல்லிவிடுவார்கள். தாழ்வாரங்களில் மேசை போட்டு, தாங்கள் ஆக்கியதைக் காட்டுவார்கள். நடத்துவோர் தொண்டர்கள். உரைகளைப் பதிவு செய்து இணையத்தில் வைக்கிறார்கள். போக முடியாதவரும் கேட்கலாம். மேல்நாட்டு மாநாடுகள் பலவற்றுக்கு வாங்கும் கட்டணத்தைப் பார்க்கும்போது, எனக்கு இதுவே பெரிய செய்தியாகப் படுகிறது.

நமக்கென்ன என்று கேட்கலாம். பிள்ளை படிக்க ஒரு பழைய கணினி வாங்கியதிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். மென்பொருளுக்கு வேறு பணம் கேட்டால் எங்கே போவது? லினக்ஸையும், கடிதம், கணக்கு எழுத உதவும் லிப்ரே ஆபிஸையும் காசின்றிப் பெறலாம். லிப்ரே ஆபிஸைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால், பள்ளியில் கேட்கும் சில மென்பொருள்கள் லினக்ஸில் ஓடாமல் போகலாம். ஆகவே, மாற்றுமுன் பிள்ளையின் ஆசிரியரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.