வெல்டிங் வெளிச்சமா, செல்போன் டவரா... எதற்குப் பயப்பட வேண்டும்? பிளஸ் டூ கணக்கு சொல்லும் பதில்!

மறைமலைநகர் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், ஏதாவது ஒரு பட்டறையில் வெல்டிங் வெளிச்சம் நீலமாகப் பளிச்சிடும். அதை வெறும் கண்ணால் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரிதான் வேலையைக் காட்டும். கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல உறுத்தல், கொட்டும் நீர், விளக்கைப் பார்க்கவே முடியாத கூச்சம்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் நாம், பக்கத்து மாடியில் செல்போன் டவர் வந்தால் மட்டும் பதறிப்போகிறோம். இரண்டுமே கதிர்வீச்சுதான். எது நம் உடம்பின் மூலக்கூறுகளை உடைக்கும்? பிளஸ் டூ மாணவர்கள் பரீட்சைக்காகப் போடும் ஒரு வரிக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

எடை மெஷின் தத்துவம்

ஒளி, சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது என்று 1905-ல் சொன்னார் ஐன்ஸ்டீன். அந்தப் பொட்டலம்தான் ஃபோட்டான். வெளிச்சம் கூடினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒவ்வொரு ஃபோட்டானின் பலத்தையும் தீர்மானிப்பது அதன் அதிர்வெண் மட்டுமே.

ரயில் நிலைய எடை மெஷின் ஞாபகம் இருக்கிறதா? முழு ஒரு ரூபாய் காசு போட்டால்தான் அட்டை வரும். பத்துப் பைசாவாக நூறு காசு போட்டாலும் வராது. மூலக்கூறுகளும் ஏறக்குறைய அப்படித்தான். பலமில்லாத ஃபோட்டான்கள் எத்தனை வந்தாலும் பிணைப்பு அறுபடாது. பலமுள்ள ஒன்று வந்தால் போதும்.

ஒரு வரிக் கணக்கு

பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கினால் ஃபோட்டானின் ஆற்றல் கிடைக்கும். இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. 1240 என்ற எண்ணை, நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், விடை எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும்.

* சிவப்பு ஒளி (700 நானோமீட்டர்): 1.77
* ஊதா ஒளி (400 நானோமீட்டர்): 3.1
* வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிர் (280 நானோமீட்டர்): 4.43

இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான சாதாரணப் பிணைப்பை அறுக்கச் சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை. சிவப்புக்கும் ஊதாவுக்கும் அந்தப் பலம் இல்லை. கண்ணுக்கே தெரியாத புற ஊதாவுக்கு இருக்கிறது. கருவிழிப் படலத்தைப் புண்ணாக்குவது அதுதான்.

டவர் என்ன செய்யும்?

1800 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் நீளம் சுமார் 16.7 சென்டிமீட்டர். அதன் ஃபோட்டான் ஆற்றல் 0.0000074 எலக்ட்ரான் வோல்ட். அதாவது, அந்தப் புற ஊதா ஃபோட்டானில் சுமார் 6 லட்சத்தில் ஒரு பங்கு! பிணைப்பை அறுக்க இது போதவே போதாது.

அதற்காக அளவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. இந்த வகை அலைகள் மிக அதிகமாகச் சேர்ந்தால் சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது அப்படித்தான். அதனால்தான் டவர்களுக்கு வரம்பு இருக்கிறது. சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி என்று 2012-லிருந்து இந்தியா இன்னும் கடுமையாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் இருக்கலாம்' என்ற பட்டியலில் வைத்தது. ஆய்வுகளும் தொடர்கின்றன.

பட்டறையில் கவனிக்க...

* வெல்டருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று இரும்பைப் பிடித்துக் கொடுக்கும் உதவியாளருக்கும் வெல்டிங் கண்ணாடி அவசியம். சாதாரணக் கூலிங் கிளாஸ் போதாது.
* தெருவோரப் பட்டறைகளில் மறைப்புத் திரை வேண்டும். குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடக் கூடாது.
* உறுத்தல் வந்தால் கண்ணைக் கசக்காதீர்கள். தாய்ப்பால் விடுவது, கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போடுவது எல்லாம் வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் குணமாகிவிடும் என்றாலும், கண் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

பிள்ளைகள் இந்தக் கணக்கைப் படிக்கும்போது, 'இதெல்லாம் எதுக்கு உதவும்?' என்று கேட்டால், வெல்டிங் பட்டறையைக் காட்டுங்கள். தூரத்தில் நின்றுதான்!