உடனே வேலை செய்யாத மருந்து

துருதுருவென்று திரியும் பிள்ளையைக் கண்டால், “வாலில்லாத குரங்கு” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் அது போதும். ஆனால் வகுப்பில் ஐந்து நிமிஷம் அமர முடியாமல், எடுத்த கணக்கை முடிக்க முடியாமல், வண்டி வருவதைப் பாராது வீதியில் பாய்ந்து, வீட்டிலும் பள்ளியிலும் மாதக்கணக்கில் தவிக்கும் குழந்தைகளும் உண்டு. இது குறும்பும் அன்று. வளர்ப்பின் குற்றமும் அன்று. கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த இக்கோளாறுக்கு டாக்டர்கள் இட்ட சுருக்கப் பெயர் ஏ.டி.எச்.டி.

இதற்குரிய மருந்தின் சரித்திரம் விசித்திரமானது. 1937-ஆம் வருஷத்தில், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், சுறுசுறுப்பூட்டும் பென்ஸெட்ரினைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்னும் அதிகமாகத் துள்ளியிருக்க வேண்டிய பிள்ளைகள் அமைதியாகப் பாடம் படித்தார்கள்! பின்னர் வந்த மீதைல்பெனிடேட் முதலிய ஊக்க மருந்துகளே இன்றும் முதலிடத்தில் இருக்கின்றன. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரிகிறது. ஆயினும் அவை எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. சிலருக்குப் பசி அடங்கிப்போகிறது. சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. வீட்டில் போதைப் பழக்கமுள்ளவர் இருந்தால், மருந்து தகாத கைக்குப் போய்விடுமோ என்ற கவலை வேறு.

இத்தகைய குழந்தைகளுக்கென்றே ஊக்கமூட்டாத மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றில் மூத்தது அடோமாக்ஸிடின். மனச்சோர்வுக்காக ஆராயப்பட்டு, அங்கே பெயரெடுக்காமல், 2002-இல் இக்கோளாறுக்கு அமெரிக்க அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. இதன் பழைய பெயர் டோமாக்ஸிடின். புற்றுநோய் மருந்தான டமாக்ஸிபெனோடு குழம்பிவிடும் என்று பெயரை மாற்றினார்கள். மாற்றிய பெயர் அப்படியொன்றும் எளிதாக இல்லை! குவான்பஸினும் (2009) குளோனிடினும் (2010) அதற்கு முன்பே இரத்த அழுத்தத்தைக் குறைக்க வழங்கியவை. 2021-இல் அனுமதி பெற்ற விலாக்ஸஸின், ஐரோப்பாவில் முன்பு மனச்சோர்வுக்கு வழங்கியது. வேறு வேலைக்கு வந்தவர்களே இந்த இலாகாவில் உத்தியோகம் பெற்றிருக்கிறார்கள்.

அடோமாக்ஸிடின் செய்யும் காரியம் இதுதான்: மூளையின் நரம்பணுக்கள் நாரட்ரினலின் என்ற பொருளை வெளியிட்டு, உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இம்மருந்து அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. கவனத்தை ஆளும் முன்மூளையில் அப்பொருள் சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது.

சராசரியாகப் பார்த்தால் இவற்றின் வலிமை ஊக்க மருந்துகளைவிடக் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதோடு இவை மெதுவாகவே வேலை செய்பவை. அடோமாக்ஸிடினின் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பத்து நாள் கொடுத்துவிட்டு, “காசுக்குப் பிடித்த கேடு” என்று மூலையில் வைத்துவிடும் பெற்றோரைக் கண்டால் நமக்கு வருத்தமாக இருக்கிறது. மருந்து தோற்கவில்லை, அதற்கு அவகாசமே கொடுக்கவில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதும் தகாது. அடோமாக்ஸிடின் உண்ணும் குழந்தைகள் சிலரிடம் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்று 2005-இல் அமெரிக்காவில் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. இது அரிது; எனினும் முதல் சில மாதங்களில் குழந்தையின் பேச்சிலும் மனநிலையிலும் மாறுதல் கண்டால் அன்றே டாக்டரிடம் சொல்லவேண்டும். கண் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும் ஈரலைச் சோதிக்க வேண்டும். வயிற்றுக் குமட்டல் சாதாரணம். உணவுக்குப் பின் கொடுத்தால் பெரும்பாலும் தணியும். குவான்பஸினும் குளோனிடினும் தூக்கக் கலக்கம் தரும். அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் குபீரென ஏறும். ஆகவே ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டுப் போவது சிறு விஷயமன்று.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மருந்தை நாடுமுன், பெற்றோருக்கு நடத்தைப் பயிற்சி அளிப்பதே முதற்படி என்கிறார்கள் வைத்தியர்கள். பெரிய பிள்ளைகளுக்கும் மருந்தோடு அப்பயிற்சி வேண்டும். டாக்டரிடம் போகும்போது, வகுப்பில் பையன் எத்தனை நேரம் அமர்ந்திருந்தான், எந்தப் பாடத்தில் தடுமாறினான் என்று உபாத்தியாயரிடம் கேட்டு, வாரந்தோறும் ஒரு காகிதத்தில் குறித்துக் கொண்டு போங்கள். அளவைக் கூட்டுவதா, மருந்தையே மாற்றுவதா என்று தீர்மானிக்க அவருக்கு அந்தக் காகிதம் பெரிதும் உதவும்.