ஒரு கட்டிலில் தொடங்கிய ஆஸ்பத்திரி

மூன்று பெண்கள். மூவருக்கும் தலைப்பிள்ளை வயது. ஒரே ஊரில், ஒரே இரவில், மூவருக்கும் பிரசவ வலி கண்டது. பொழுது விடிந்தபோது மூவரில் ஒருவர்கூட உயிருடன் இல்லை.

ஊர் திண்டிவனம். காலம் 1890-ம் ஆண்டை ஒட்டியது. அன்று இரவு அங்கிருந்த மிஷன் பங்களாவின் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. முதலில் வந்தவர் ஒரு பிராமண வாலிபர். அடுத்து வந்தவர் ஒரு முஸ்லிம். மூன்றாவதாக வந்தவரும் மேல்சாதி இந்து. மூவரும் கேட்டது ஒன்றேதான்: "என் மனைவிக்குப் பிரசவம் பார்க்க வர வேண்டும், அம்மா."

கதவைத் திறந்த பெண்ணுக்கு வைத்தியம் தெரியாது. வைத்தியம் தெரிந்த தந்தை உள்ளேதான் இருந்தார். அவரை அழைத்துப் போகலாம் என்று அந்தப் பெண் மூவரிடமும் மன்றாடிப் பார்த்தாள். அந்நிய ஆடவர் ஒருவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதா என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தாள். மூன்று வீடுகளிலும் சாவு!

அந்தப் பெண்தான் ஐடா ஸ்கடர்.

ஓடிப்போக நினைத்தவர்

ஸ்கடர் குடும்பம் சேவைக்குப் பேர்போன குடும்பம். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த வைத்தியர். அவருக்குப் பின் மகன்களும் பேரர்களும் தென்னாட்டில் ஊழியம் செய்தார்கள். ஐடா பிறந்ததே 1870-ல் ராணிப்பேட்டையில்தான்.

ஆனால் பெற்றோர் வழியில் பிள்ளையும் தானாக வந்துவிடும் என்று நினைத்தால் தவறு. ஐடாவுக்கு இந்தியா என்றாலே கசப்பு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில், சோர்ந்து கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை வைத்த சிறுமி அவர். எத்தனை துண்டு கொடுத்தாலும் குழந்தைகளின் கூட்டம் குறையவில்லை. இந்தக் கடலை யாரால் இறைக்க முடியும்? அமெரிக்கா சென்று படித்து, நல்ல இடத்தில் கலியாணம் செய்துகொண்டு, நிம்மதியாக வாழ வேண்டும் என்பதே அவருடைய ஆசை. தாயாருக்கு உடல்நலம் இல்லை என்பதற்காகத்தான் திண்டிவனம் வந்திருந்தார்.

அந்த இரவு ஆசையை மாற்றியது. மலைப்பை மாற்றவில்லை. மூன்று பெண்களுக்காக வருந்தலாம். மாகாணம் முழுவதும் இப்படிச் சாகும் பெண்களுக்கு ஒருத்தி என்ன செய்துவிட முடியும்? அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த வேலை எது என்பது மட்டும் தெரிந்தது. வைத்தியம் படிக்க வேண்டும். படித்தார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பில் ஒருவராக, 1899-ல் நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

நாளுக்கு ஏழு பேர்

1900-ம் ஆண்டுத் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். ஷெல் என்ற நியூயார்க் பாங்க் முதலாளி, காலமான தம் மனைவியின் நினைவாக ஆஸ்பத்திரி கட்ட 10,000 டாலர் கொடுத்திருந்தார். பணம் இருந்தது, கட்டடம் இல்லை. பட்டம் இருந்தது, அனுபவம் இல்லை. கூட நின்று கற்றுத்தருவார் என்று நம்பியிருந்த தந்தையும் அதே ஆண்டில் புற்றுநோயால் காலமானார்.

வேறொருவராக இருந்தால் கட்டடம் எழும்பட்டும் என்று காத்திருப்பார். ஐடா தாம் குடியிருந்த பங்களாவிலேயே ஒரு சிறிய அறையை ஒழித்தார். ஒரே ஒரு கட்டிலைப் போட்டார். அதுதான் ஆஸ்பத்திரி!

இரண்டு ஆண்டுகளில் 5,000 நோயாளிகளைப் பார்த்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஏழு பேர்தான் வருகிறது. இன்று ஏழு பேர், நாளை ஏழு பேர். மாகாணத்தின் கண்ணீர் முழுவதையும் துடைக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தவரைப் பார்த்தார். 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டபோது, அங்கே வருவதற்குப் பெண்கள் ஏற்கனவே பழகியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள்? அவர்களைத் தேடி வாரம் ஒருமுறை குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார் கார். அந்தக் காரைக் கண்டு பிசாசு வருகிறது என்று ஜனங்கள் ஓடினார்களாம்! வழியில் குறித்த மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, காய்ச்சலுக்கு மருந்து. பெரிய வியாதி என்றால் வேலூருக்கு அழைப்பு. ஒருமுறை வந்து மருந்து கொடுத்துப் போகிறவர்களை ஜனங்கள் மறந்துவிடுவார்கள். அடுத்த வாரமும் அதே மரத்தடிக்கு வருகிறவரிடம்தான் மனைவியை ஒப்படைப்பார்கள்.

மூன்று பேர் வந்தால் அதிர்ஷ்டம்

ஓர் உண்மையை ஐடா சீக்கிரமே உணர்ந்தார். தம் இரண்டு கைகள் போதா. இந்த நாட்டுப் பெண்களே வைத்தியர்களாக வேண்டும். 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்தது பெண்களுக்கு வைத்தியப் பள்ளி. சென்னை அரசாங்கத்தின் சர்ஜன் ஜெனரல் அனுமதி கொடுத்தார். ஆனால் மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்.

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. 1918 ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. முதல் ஆண்டின் முடிவில் மாகாணப் பரீட்சைக்குப் போன 14 பெண்களும் தேறிவிட்டார்கள். அதே பரீட்சையில் ஆண்களில் பெரும்பாலோர் தோற்றிருந்தார்கள்! 1922-ல் அந்த 14 பேரும் டாக்டர்களாக வெளியே வந்தனர். திண்டிவனத்தில் அன்று தேவைப்பட்டது அப்படி ஒரே ஒரு பெண்தான்.

கதை இத்துடன் சுபமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. 1938-ல் இடி விழுந்தது. இனிமேல் எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு மட்டுமே செல்லும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. வேலூர்ப் பள்ளி கொடுத்தது அதற்குக் கீழ்ப்பட்ட தகுதி. புதிய ஆசிரியர்கள், ஆய்வுக்கூடங்கள், கூடுதல் படுக்கைகள் எல்லாம் வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். ஐடாவுக்கு அப்போது வயது 67.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 1941-ல், 70-வது வயதில், நிதி திரட்ட அமெரிக்கா போனார். ஊர் ஊராகச் சென்று பேசினார். பெண்களுக்கென்றே கட்டிய கல்லூரியில் ஆண்களையும் சேர்ப்பதா என்று, அதுவரை உதவி செய்த சிநேகிதிகள் சிலரே அவரிடம் வருத்தப்பட்டார்கள். அந்த மனஸ்தாபம் அவருக்கு வேதனையாக இருந்தது. ஆனாலும் கல்லூரி பிழைக்க அதுதான் வழி என்று ஏற்றுக்கொண்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் கிடைத்தது.

"டாக்டர் ஐடா, இந்தியா" என்று மட்டுமே விலாசம் எழுதிய கடிதம் ஒன்று தவறாமல் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாம். தபால் இலாகாவுக்கே அத்தனை பழக்கம்!

1946-ல் அம்மையார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். சிறிது காலத்தில் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டரிடம் நிர்வாகம் வந்தது. 1960 மே மாதம், 89-வது வயதில், கொடைக்கானலில் ஐடா காலமானார்.